போர்ட்டல் ஜோசியம்: அமெரிக்கக் கல்லூரி முடிவு வரும் முன் எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி இது: அமெரிக்காவில் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் ஒரு மாணவர், முடிவு வர மூன்று வாரம் இருக்கும்போது, தன் போர்ட்டலில் (விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கக் கல்லூரி தரும் இணையப் பக்கம்) நிதியுதவிக்கென்று ஒரு புதுப் பகுதி முளைத்திருப்பதைப் பார்க்கிறார். அதே கல்லூரிக்குப் போட்ட நண்பனுக்கு அது வரவில்லை. இது நல்ல சகுனமா, இதுபோல வேறு எதையெல்லாம் கவனிக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பகுதி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கும் உங்களுக்கு இடம் கிடைப்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. ஏன் என்று புரிய, அந்தப் பக்கம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் நிறையப் பேர் ஸ்லேட் என்ற மென்பொருளில்தான் அட்மிஷன் வேலையை நடத்துகிறார்கள். டெக்னொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. நீங்கள் லாகின் செய்து பார்க்கும் போர்ட்டல் அதன் வாசல் மட்டுமே. எந்தக் கட்டம் யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை அலுவலகத்தில் ஒருவர் நிபந்தனைகளாக எழுதி வைத்திருப்பார். நிதியுதவி வேண்டும் என்று டிக் செய்தவர், சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற குடும்ப நிதி விவரப் படிவம் வந்து சேர்ந்தவர், வெளிநாட்டுக் குடிமகன், பொறியியல் பிரிவுக்குப் போட்டவர், முன்னதாகவே விண்ணப்பித்து முடிவு பெறும் முன்கூட்டிய சுற்றிலிருந்து வழக்கமான சுற்றுக்குத் தள்ளி வைக்கப்பட்டவர் என்று நிபந்தனைகள் இப்படி இருக்கும். இதில் ஒன்று உங்களுக்குப் பொருந்தி நண்பனுக்குப் பொருந்தாவிட்டால் இருவர் பக்கமும் வேறு வேறாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் அப்ளிகேஷனை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். நிதியுதவிக் கேள்விக்கு இருவரும் ஒரே பதில்தான் கொடுத்தீர்களா? குடியுரிமை ஒன்றா? ஒரே பல்கலைக்குள் கலைப் பிரிவு, பொறியியல் பிரிவு என்று பிரிந்திருக்கிறீர்களா? ஒருவர் முன்கூட்டிய சுற்று, இன்னொருவர் வழக்கமான சுற்றா? பெற்றோரின் வருமான ஆவணங்கள் யாருடையது முதலில் போய்ச் சேர்ந்தது? வித்தியாசத்துக்கான காரணம் பெரும்பாலும் இந்த ஐந்து கேள்விக்குள்ளேயே அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டாலும் பதற வேண்டாம். வெளியிலிருந்து வரும் தரவுகள் தொகுதி தொகுதியாகத்தான் ஏற்றப்படும், அவன் கோப்பு அடுத்த தொகுதியில் இருக்கலாம்.

முடிவு வரும் வழி வேறு. ஸ்லேட்டில் ஒரு முடிவு முதலில் பதிவாகும், பிறகு உறுதி செய்யப்படும், கடைசியில் வெளியிடப்படும். மாணவரின் பக்கத்தில் கடிதம் தெரிவது மூன்றாவது படியில்தான். முதல் படியில் பதிவாவது இறுதி முடிவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கடைசி வாரங்களில் மொத்த வகுப்பையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள்: பொறியியலில் அதிகமாகிவிட்டதா, நிதியுதவிப் பணம் போதுமா, எதிர்பார்ப்பதைவிட அதிகம் பேர் சேர்ந்துவிட்டால் விடுதியில் இடம் இருக்குமா என்று கணக்குப் போட்டு, சேர்த்தவர்களில் சிலரை வெயிட்லிஸ்ட் என்ற காத்திருப்புப் பட்டியலுக்கு நகர்த்துவார்கள், வெளியே இருந்த சிலரை உள்ளே கொண்டுவருவார்கள். பிப்ரவரி நடுவில் உங்கள் கோப்பில் உண்மையிலேயே ஏதோ எழுதியிருந்து, அது எப்படியோ உங்கள் கண்ணில் பட்டால்கூட, மார்ச் கடைசியில் அது அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

நிதியுதவிக் குறியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் குறிகளிலும் நியாயமான அடிப்படை கொஞ்சமாவது இருப்பது இதற்குத்தான். அட்மிஷன் கடிதத்தோடு உதவித்தொகைக் கணக்கும் போக வேண்டுமானால் நிதி அலுவலகம் முன்கூட்டியே வேலையைத் தொடங்கியாக வேண்டும். அதனால் சில இடங்களில், கிட்டத்தட்ட உள்ளே வந்துவிட்டவர்களின் கோப்புகளைத்தான் முதலில் தோண்டுவார்கள். ஆனால் விண்ணப்பித்த எல்லோரிடமும் ஆவணம் கேட்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. கேட்பவர் எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது. 2012 ஏப்ரலில் யுசிஎல்ஏயில் (கலிஃபோர்னியா பல்கலையின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம்) நடந்ததைப் பாருங்கள். நிதியுதவி மதிப்பீடு பற்றிய ஒரு மின்னஞ்சல் 894 பேருக்குப் போனது. அதில் அட்மிஷனுக்கு வாழ்த்து என்றும் ஒரு வரி இருந்தது. அந்த 894 பேரும் வெயிட்லிஸ்ட்டில் இருந்தவர்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. ஒரு கல்லூரி பணக் கணக்குப் போட்டு, கூடவே வாழ்த்தும் எழுதி, அப்போதும் இடம் உறுதியில்லை என்றால், போர்ட்டலில் புதிதாக முளைத்த வெறும் ஒரு டேப் என்ன சொல்லிவிடும்?

இது ஒற்றைச் சம்பவமும் இல்லை. 2009 மார்ச்சில் யுசி சான் டியாகோ, இடம் மறுக்கப்பட்ட சுமார் 28,000 பேருக்கு வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. அனுப்பும் பட்டியலைத் தேர்ந்தெடுத்ததில் பிழை. 2014 டிசம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மறுக்கப்பட்ட அல்லது தள்ளி வைக்கப்பட்ட 294 பேருக்கு வாழ்த்து அனுப்பியது. குறி பார்ப்பவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது வாஸர் கல்லூரியில் 2012 ஜனவரியில் நடந்தது. முன்கூட்டிய சுற்றின் முடிவு வெளியாகும் நாளில், சோதனைக்காக வைத்திருந்த மாதிரிக் கடிதத்தை எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் லாகின் செய்த 122 பேருக்கும் இடம் கிடைத்ததாகவே காட்டியது. அதில் 76 பேருக்கு உண்மையில் கிடைக்கவில்லை. போர்ட்டல் பக்கத்தின் மூலக்குறியீட்டைத் திறந்து வாழ்த்து என்ற சொல்லையோ வண்ணக் காகிதம் பறக்கும் வீடியோவின் முகவரியையோ தேடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைக் கடிதம், பொதுவான வார்ப்புரு, போன வருடத்து மிச்சம் எல்லாம் அங்கே கிடக்கும்.

சரி, எனக்கு வந்தது, கிடைத்துவிட்டது என்று இத்தனை பேர் சொல்கிறார்களே என்பீர்கள். அதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1,000 பேர் விண்ணப்பித்த கல்லூரி, 50 பேருக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாதத்துக்கே சாதகமாக, அந்த டேப் உண்மையிலேயே ஒரு நல்ல குறி என்றும் எடுத்துக்கொள்வோம்: இடம் கிடைக்கப்போகிறவர்களில் 60 சதவீதம் பேருக்கு அது தெரிகிறது, மற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கு. கிடைப்பவர்களில் 30 பேர், கிடைக்காதவர்களான 950 பேரில் 285 பேர், ஆக 315 பேர் அதைப் பார்க்கிறார்கள். அந்த 315-இல் 30 பேர்தான் உள்ளே. சதவீதத்தில் 9.5. அதாவது இரண்டு மடங்கு வலுவான குறி கிடைத்தும், நூற்றில் ஐந்தாக இருந்த வாய்ப்பு ஒன்பதரை ஆகிறது. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் ஏமாற்றம்தான். முடிவு வந்த பிறகு, எனக்கும் அந்த டேப் வந்தது என்று உற்சாகமாக எழுதுபவர்கள் அந்த 30 பேர். மீதி 285 பேர் எதுவும் எழுதாமல் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இப்படித்தான் வருடா வருடம் விதியாக மாறுகிறது.

மற்ற குறிகளை வேகமாகவே கடந்துவிடலாம்.

பல்கலையின் மின்னஞ்சல் லாகினில் உங்கள் அடையாளப் பெயரைப் போட்டு, கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பது: பல இடங்களில் விண்ணப்பிக்கும்போதே எல்லோருக்கும் அடையாளம் உருவாகிவிடும். டெக்சஸ் ஆஸ்டினில் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் ஈஐடி என்ற அடையாளப் பெயர் உண்டு. அதன் பொருள் நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பது மட்டுமே. விடுதிக்கான இணைப்பு திறக்கிறது: எல்லோருக்கும் திறக்கும் பொது இணைப்பாக இருக்கும். வீட்டுக்கு வண்ண வண்ணமாகப் புத்தகம் வருகிறது, டீன் பெயரில் மின்னஞ்சல் வருகிறது: நீங்கள் எஸ்ஏடி நுழைவுத் தேர்வு எழுதியபோது கல்லூரிகள் தொடர்புகொள்ளச் சம்மதித்தீர்கள், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அந்தப் பெயர்ப் பட்டியலை விற்கிறது, அவ்வளவுதான். முன்னாள் மாணவர் நேர்காணலுக்கு அழைக்கிறார், அல்லது அழைக்கவில்லை: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நேர்காணல் எடுக்க ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் கொடுத்த யூட்யூப் வீடியோவை யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கை காட்டுகிறது: கோப்பு படிப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள், பெரும்பாலோர் இணைப்பைத் திறப்பதே இல்லை. தன் இணையதளத்தில் வருகை எண்ணும் கருவி வைத்து, கல்லூரி இருக்கும் ஊரிலிருந்து யார் வந்தார் என்று இரவெல்லாம் பார்ப்பவர்களும் உண்டு. ஹார்வர்டும் எம்ஐடியும் இருக்கும் கேம்பிரிட்ஜ், பாஸ்டன் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை தேடுபொறி இயந்திரங்கள் வந்துபோகும் என்று யோசித்தால் போதும்.

நீங்கள் போர்ட்டலைப் பார்ப்பது போலவே போர்ட்டலும் உங்களைப் பார்க்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அனுப்பிய மின்னஞ்சல் திறக்கப்பட்டதா, இணைப்பு சொடுக்கப்பட்டதா, கல்லூரி இணையதளத்தின் எந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்பதையெல்லாம் ஸ்லேட்டால் பதிவு செய்ய முடியும். விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைக் கணக்கில் எடுக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன, எடுக்காதவையும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ள ஜோசியம் தேவையில்லை. கல்லூரியின் பெயரோடு காமன் டேட்டா செட் (கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் புள்ளிவிவரங்களை வெளியிடும் ஆவணம்) என்று தேடி, சி7 அட்டவணையைப் பாருங்கள்; அங்கே ஆர்வத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அதே ஆவணத்தில் சி2 பகுதியில் போன வருடம் எத்தனை பேரை வெயிட்லிஸ்ட்டில் போட்டார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், அதில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்ற மூன்று எண்கள் இருக்கும். எச்6 பகுதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு உதவி கொடுத்தார்கள் என்று இருக்கும். ஒரு மாதம் போர்ட்டலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதைவிட இந்த மூன்று பகுதிகளை ஒரு மணி நேரம் படிப்பது உங்கள் வாய்ப்பைப் பற்றி அதிகம் சொல்லும்.

நிதியுதவி கேட்கும் வெளிநாட்டு மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எம்ஐடி, ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் மட்டுமே வெளிநாட்டவருக்கும் பணத் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. பெரும்பாலான மற்ற கல்லூரிகளில் நீங்கள் கேட்கும் தொகையும் முடிவின் ஒரு பகுதி. அங்கே நிதி அலுவலகம் உங்களிடம் கேள்வி கேட்பது முடிவுக்கு முந்தைய ஆய்வாகவும் இருக்கலாம்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டாதீர்கள். 2005 மார்ச்சில், பல மேலாண்மைப் பள்ளிகள் பயன்படுத்திய அப்ளைஎவர்செல்ஃப் என்ற விண்ணப்ப மென்பொருளில் ஒரு ஓட்டை இருந்தது. இணைய முகவரியைக் கொஞ்சம் மாற்றினால் முடிவுப் பக்கத்தை முன்கூட்டியே பார்க்கலாம் என்று யாரோ எழுதிவைக்க, பலர் முயன்று பார்த்தார்கள். பலருக்கு வெற்றுப் பக்கம்தான் வந்தது. ஆனால் யார் யார் முயன்றார்கள் என்ற பதிவு இருந்தது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் முயன்ற 119 பேரையும் ஒட்டுமொத்தமாக நிராகரித்தது. எம்ஐடி ஸ்லோனும் கார்னகி மெலனும் அதே வழியில் போயின. அதில் இடம் கிடைக்கவேண்டியவர்கள் எத்தனை பேரோ. உங்கள் பக்கத்தை உங்கள் கடவுச்சொல்லில் பார்ப்பது உங்கள் உரிமை. முகவரியில் எண்ணை மாற்றுவது, நண்பனின் லாகினில் நுழைவது, மாணவர்களுக்கு மட்டுமான தளத்தில் கணக்குத் தொடங்க முயல்வது ஆகியவை அப்படி இல்லை. விளையாட்டாகச் செய்தேன் என்று சொன்னால் எடுபடாது.

உண்மையான குறிகளும் உண்டு, எண்ணிக்கையில் கொஞ்சம். அவற்றுக்குப் பொதுவான அடையாளம் இதுதான்: உங்கள் கோப்பைப் படித்த ஒரு மனிதர், உங்கள் பெயரைச் சொல்லி, உங்களிடம் நேராகச் சொல்வார்.

முதலாவது, லைக்லி லெட்டர். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுப் பழைய பல்கலைகளான ஐவி லீக் கல்லூரிகள் அக்டோபர் 1-க்குப் பிறகு, பெரும்பாலும் விளையாட்டு வீரர்களுக்கும், பிப்ரவரி, மார்ச்சில் மிகச் சில மற்ற மாணவர்களுக்கும் அனுப்பும் கடிதம். மதிப்பெண்ணும் நடத்தையும் இப்படியே தொடர்ந்தால் இடம் உறுதி என்பது அதன் பொருள். அட்மிஷன் கடிதத்துக்குச் சமமாகவே நடத்துவார்கள். இது வராததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இடம் கிடைக்கும் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை. இரண்டாவது, தகுதி உதவித்தொகையின் இறுதிச் சுற்றுக்கு அழைப்பு. அதுவும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இறுதிச் சுற்றுக்கு வந்தாலே இடம் உண்டு என்று சில இடங்களில் எழுதியே கொடுப்பார்கள், சில இடங்களில் எழுத மாட்டார்கள். எழுதாவிட்டால் நீங்களாகச் சேர்த்துப் படிக்காதீர்கள். மூன்றாவது, அட்மிஷன் அதிகாரி உங்கள் பள்ளிக்குக் கூப்பிட்டு ஒரு குறிப்பிட்ட மதிப்பெண்ணைப் பற்றியோ பாடத்தைப் பற்றியோ கேட்பது. உங்கள் கோப்பு விவாதத்தில் உயிரோடு இருக்கிறது என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

மற்றபடி போர்ட்டல் மாற்றங்கள் சொல்வது முடிவு எப்போது வரும் என்பதைத்தான். பராமரிப்புக்காகப் போர்ட்டல் சில மணி நேரம் மூடியிருப்பது, மேலே ஒரு பட்டையில் தேதி தோன்றுவது, அனுப்ப வேண்டிய ஆவணங்களைக் காட்டும் பழைய செக்லிஸ்ட் மறைவது எல்லாம் வெளியீட்டுக்கு ஆயத்தம். இது எல்லோருக்கும் ஒன்றாக நடப்பது. தேதியைக் கண்டுபிடிக்க இதுகூடத் தேவையில்லை. ஐவி லீக் வழக்கமான சுற்று மார்ச் கடைசியில் ஒரே மாலையில், அமெரிக்கக் கிழக்கு நேரம் 7 மணிக்கு வெளியாவது வழக்கம். இந்தியாவில் அது மறுநாள் அதிகாலை 4:30. எம்ஐடி மார்ச் 14 அன்று மாலை 6:28-க்கு வெளியிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறது, 3/14 என்பதால் கணிதத்தின் பை (3.14) தினம், அதன் இரு மடங்கான 6.28 என்பதால் இரண்டு பை மணி என்று அவர்களுக்கு ஒரு குறும்பு. இந்திய நேரம் அதிகாலை 3:58. டிசம்பர் முடிவுகளுக்கு மட்டும் இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது குளிர்கால நேரம். இரவு விழித்திருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பலர் இதைக் கோட்டைவிட்டவர்கள்தான்.

குறி பார்ப்பதில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் மனக்கவலை அல்ல. இல்லாத குறியைத் தேடும் கண், எதிரில் சிவப்பாக இருக்கும் வரியைத் தவற விடுகிறது. செக்லிஸ்ட்டில் ஏதாவது ஒரு வரி, இன்னும் வரவில்லை என்ற நிலையில் நின்றுகொண்டிருக்கும். அரையாண்டு மதிப்பெண் அறிக்கை அடிக்கடி இப்படி நிற்கும். அதை நீங்கள் அனுப்ப முடியாது, பள்ளி ஆலோசகர்தான் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஏற்ற வேண்டும், நம் ஊர்ப் பள்ளிகளில் அப்படி ஒரு படிவம் இருப்பதே பலருக்குத் தெரியாது. அரையாண்டு மதிப்பெண் வந்ததும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகும் செக்லிஸ்ட் உடனே மாறாது, சில வேலை நாட்கள் ஆகும். ஒரு வாரம் கழிந்தும் மாறாவிட்டால், பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண்ணோடு அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு வேறு மாதிரியும் பெயர் இருந்தால், ஆவணம் வந்தும் உங்கள் கோப்போடு சேராமல் தனியே கிடக்கும்; தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது சாதாரணமாக நடப்பது. மின்னஞ்சலில் இரண்டு வடிவத்தையும் எழுதிவிடுங்கள்.

செக்லிஸ்ட் முழுதும் பச்சையாகும்வரை வாரம் இரண்டு முறை பாருங்கள். பச்சையான பிறகு வாரம் ஒரு முறை, ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. முன்கூட்டிய சுற்றில் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: ஒரு பக்கத்துக்குள், புதிதாக நடந்தவற்றை மட்டும் சொல்லி, இங்கே இன்னும் சேர விரும்புகிறேன் என்று ஒரு கடிதம். போர்ட்டலில் அதற்கென்று படிவம் இருந்தால் அதில் மட்டும். கடிதம் அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருந்தால் அனுப்பாதீர்கள்.

வெளியீட்டு இரவில் முதல் பத்து நிமிடம் தளம் திணறும். பக்கம் திறக்காததும் வெள்ளையாக வருவதும் சர்வர் நெரிசல்தான். கடிதம் திறந்ததும் முதல் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். வாழ்த்து என்று தொடங்கும் கடிதத்திலும் நீங்கள் கேட்ட பிரிவுக்குப் பதில் வேறு பிரிவு இருக்கலாம், இலையுதிர் பருவத்துக்குப் பதில் வசந்த பருவம் இருக்கலாம், நார்த்ஈஸ்டர்னின் என்யுஇன் திட்டம்போல முதல் பருவம் வேறு நாட்டில் என்றும் இருக்கலாம். மறுப்புபோலத் தோன்றும் கடிதத்துக்குள் கார்னெல் போன்ற இடங்கள் ஒரு வருடம் வேறு கல்லூரியில் படித்துவிட்டு மாறிவரும் வாய்ப்பையும் சிலருக்கு வைக்கும். கடைசி வரிவரை படித்து, பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். கடிதம் ஒன்று சொல்லி, தனியாக வந்த மின்னஞ்சல் வேறொன்று சொன்னால், மற்ற கல்லூரிகளை விலக்கிக்கொள்ளும் முன் அலுவலகத்தைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமான சுற்றில் பதில் சொல்லவும் முன்பணம் கட்டவும் பெரும்பாலும் மே 1 வரை நேரம் இருக்கிறது.